பாலாற்றுக்கு நாம் பட்ட கடன்

 

ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானி கொடுத்த ஆட்டின் தோலை நம்மில் பலர் ஊர் மதரஸாவுக்கு வழங்குகிறோம். மதரஸா நிர்வாகிகள் அதனைத் தோல் வியாபாரியிடம் விற்று, ஓதும் பிள்ளைகளின் உணவுக்கும் உடைக்கும் அத்தொகையைச் செலவிடுகின்றனர். கடமை நிறைவேறிய மனநிறைவோடு அத்தோலை நாம் மறந்து விடுகிறோம். வியாபாரியோ அது அழுகிவிடாமல் காக்க உப்பை அள்ளிப் பூசுகிறார். தோலின் எடையில் ஏறத்தாழ 40 சதவிகித அளவுக்கு உப்பிடுவது வழக்கம். அவ்வாறு உப்பேறிய தோல்கள் லாரிகளில் ஏறி, மண்டிகளைக் கடந்து, பெரும்பாலும் பாலாற்றங்கரைக்கு வந்து சேர்கின்றன. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று நீளும் அந்த ஊர்களின் தொழிற்கூடங்களில் முதல் வேலையே, தோலைத் தண்ணீரில் ஊறவைத்து அந்த உப்பைக் கழுவி எடுப்பதுதான்.

கழுவிய நீர் எங்கே போயிற்று? இம்மாதம் இந்தக் கேள்வியைத்தான் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறேன்.

நம் மார்க்கச் சட்ட நூல்களில் தோல் பதனிடுதலைப் பற்றியும் சட்டம் கூறப்பட்டுள்ளது. 'தபாகத்' என்று அதற்குப் பெயர். தானாகச் செத்த பிராணியின் தோல்கூட, சில விலக்குகள் நீங்கலாக, பதனிடப்பட்டால் சுத்தமாகிவிடும் என்பது அதன் சாரம். அதே நூல்களின் தொடக்கப் பாடமோ தண்ணீர். அசுத்தம் கலந்து நிறமோ சுவையோ மணமோ மாறிவிட்ட நீரில் உளூச் செய்யலாகாது என்று சிறுவயதிலேயே கற்றிருக்கிறோம். பாலாற்றங்கரையில் இந்த இரண்டு பாடங்களும் எதிரெதிரே வந்து நின்றன. தோலைத் தூய்மையாக்கிய தொழில், நீரின் தூய்மையைக் கெடுத்துவிட்டது. முதல் பாடத்தில் தேர்ச்சி பெற்ற நாம், இரண்டாம் பாடத்தில் தவறிவிட்டோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டிய நேரம் இது.

மணலுக்கடியில் ஓடிய ஆறு

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு, ஆந்திரத்தைச் சிறிது தூரம் தொட்டு, வாணியம்பாடியின் மேற்கே தமிழகத்தில் நுழைகிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில் உள்ளது. ஆற்காட்டையும் காஞ்சிபுரத்தையும் செங்கல்பட்டையும் கடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வங்கக் கடலில் கலக்கிறது. காவிரியைப் போல் கரை புரண்டு ஓடும் ஆறு அன்று இது. ஆண்டின் பெரும்பகுதியில் மேலே வெறும் மணல்தான் தெரியும். எனினும் அந்த மணலுக்கடியில் நீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆற்றிலே ஊற்றுத் தோண்டினால் குடிக்க நீர் கிடைத்தது. ஊற்றுக் கால்வாய்கள் வெட்டி வயலுக்குப் பாய்ச்சினார்கள். கரையோரக் கிணறுகளில் கோடையிலும் நீர் வற்றாதிருந்தது.

சில வேளைகளில் அது சீறியும் இருக்கிறது. 1903-ஆம் ஆண்டு நவம்பரில் வந்த பெருவெள்ளத்தில் வாணியம்பாடி பேரழிவைச் சந்தித்தது. 2021 நவம்பரிலும் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியது. ஆனால் பாலாற்றின் இயல்பான கொடை, கண்ணுக்குத் தெரியாத அந்த மணலடி நீர்தான். இந்த இயல்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நீரை ஊர் ஊராகக் கிணறுகளுக்குக் கொண்டு சென்ற அதே மணல்தான், பின்னாளில் கழிவு நீரையும் ஊர் ஊராகக் கொண்டு சென்றது.

ஆவாரம்பட்டைக் காலம்

நம் முன்னோர் தோல் பதனிட்டது மரப்பட்டையாலும் காயாலுமே. கரட்டு நிலங்களில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியின் பட்டையிலும், மலைக்காடுகளில் விளையும் கடுக்காயிலும் தோலை இறுகச் செய்யும் துவர்ப்புச் சத்து உண்டு. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து முடி நீக்கிய தோலை, பட்டைச் சாறு நிரம்பிய தொட்டிகளில் வாரக்கணக்கில் மாற்றி மாற்றி ஊறப்போட வேண்டும். அவ்வாறு பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குச் சென்றது.

அக்காலத்தில் எல்லாம் மாசற்றதாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. உப்பும் சுண்ணாம்பும் அன்றும் இருந்தன; துர்நாற்றமும் இருந்தது; பட்டைக்காக ஆவாரங்காடுகள் மொட்டையடிக்கப்பட்டன. பின்னர் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை இறக்குமதியாயிற்று. ஆயினும் பட்டை ஊறும் வேகத்தில்தான் தொழில் நடந்தது. அந்த நிதானமே ஆற்றுக்கு ஓர் அரணாக இருந்தது.

அத்தொழிலில் ஈட்டிய பொருளைக் கொண்டு நம் பெரியவர்கள் செய்த அறப்பணிகளை எண்ணினால் நெஞ்சம் நெகிழ்கிறது. வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. தோல் வணிகரான மர்ஹூம் காக்கா முஹம்மது உமர் அவர்கள் 1924-இல் நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாம், ஆம்பூருக்கு அருகே உமராபாத் என்னும் ஊரையே உலகறியச் செய்தது. மேல்விஷாரத்தின் தோல் வணிகர் மர்ஹூம் நவாப் அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரைத் தாங்கிய கல்லூரி 1965 முதல் அவ்வூரில் இயங்குகிறது. இங்கெல்லாம் படித்தவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்லர். சுற்று வட்டாரத்து எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் பயனடைந்தனர். இந்த நன்மைகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! இவற்றை யாரும் மறுக்க முடியாது.

குரோமியம் வந்த கதை

1884-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ஸ் என்பவர் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. தோல் மென்மையாகவும், வெப்பம் தாங்குவதாகவும், விரும்பிய சாயம் ஏற்பதாகவும் அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இம்முறை சென்னைக்கு வந்துவிட்ட போதிலும், பாலாற்றங்கரையில் அது பெருமளவில் பரவியதற்கு அரசின் கொள்கையே முக்கியக் காரணம். 1972-இல் சீதாராமையா குழு, பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலும் செருப்பும் ஏற்றுமதியாக வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே பச்சைத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி பெருகியது. இலட்சக்கணக்கானோருக்கு, குறிப்பாகக் காலணித் தொழிற்கூடங்களில் பெண்களுக்கு, வேலை கிடைத்தது.

அதே வேளையில் வேறொன்றும் நிகழ்ந்தது. அதற்கு முன்னர், மாசு மிகுந்த கடைசிக் கட்ட வேலைகள் பல ஐரோப்பாவில் நடந்தன. இப்போது அவையும் இங்கே வந்துவிட்டன. அங்கே கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் பளபளப்பான காலணியை அடுக்கினார். இங்கே கிணற்றில் கழிவு இறங்கியது.

ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் குறித்துள்ளது. பதனிடும் தொட்டியில் இடும் குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் சாதாரண முறையில் தோல் ஏற்றுக்கொள்ளும். மிச்சம் கழிவுநீரில் போகும். இந்தக் குரோமியத்தைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்த வழி உண்டு. 1948-இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அதற்கான முறைகளை வகுத்துத் தந்துள்ளது. இதைவிடப் பிடிவாதமானது சாதாரண உப்பு. கிருமிகளைக் கொண்டு கழிவைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் உப்பை ஒன்றும் செய்ய இயலாது. அழுத்தச் சவ்வில் வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி வற்றவைத்தால்தான் உப்பு பிரியும். அதற்கு மின்சாரமும் பொருளும் மிகுதியாகச் செலவாகும். பிரிந்த உப்பையும் எங்கோ பத்திரமாகக் குவித்து வைத்தாக வேண்டும்.

உப்பேறிய நிலத்தில் நெல் வளராது, தென்னை காய்க்காது, கிணற்று நீரைக் கறவை மாடும் முகர்ந்துவிட்டு விலகும். வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் கணிப்பின்படி, இத்தோல் பட்டைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று. நம் சமுதாயத்தவர் தோல் தொழில் செய்யும் மற்றொரு ஊரான திண்டுக்கல்லின் வட்டாரத்தில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் ஆய்வு நடத்தியது. அங்கிருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதாகக் கண்டது. இவ்விரு விவரங்களும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியுள்ளன.

நீதிமன்றம் எழுதிய கணக்கு

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், தீங்கு நேருமுன் தடுக்க வேண்டும் என்னும் இரு நெறிகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு அறிவித்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலையும் 10,000 ரூபாய் அபராதம் செலுத்த வேண்டும் என்றது. சுத்திகரிப்பு வசதியில்லாத ஆலைகள் மூடப்பட வேண்டும் என்றது. இன்று உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் தீர்ப்பு அது. நம் ஊரின் பெயர் அவ்வாறு புகழ்பெற்றதை எண்ணி மகிழ்வதா, வருந்துவதா?

இழப்பைக் கணக்கிட ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. 2001-இல் அது தந்த கணக்கின்படி வேலூர் மாவட்டத்தில் 186 கிராமங்களைச் சேர்ந்த 29,193 பேர் பாதிக்கப்பட்டோர். 547 தோல் தொழிற்சாலைகள் ஈடு செய்யக் கடமைப்பட்டவை. தொகை ஏறத்தாழ 26 கோடியே 82 இலட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள். ஒருவருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. நிலமும் கிணறும் கெட்டவருக்கு இது ஒரு பருவத்துச் செலவுக்கும் காணாது. அந்தச் சிறு தொகையும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. வழக்கு மேல் வழக்காக ஆண்டுகள் உருண்டன.

2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு மீண்டும் தீர்ப்பளித்தது. இன்னும் இழப்பீடு பெறாதவர்களுக்கு அரசு வழங்கி, அத்தொகையை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க வேண்டும். ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு ஆற்றைக் கண்காணிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. முதல் மனுவுக்கும் இத்தீர்ப்புக்கும் இடையே 34 ஆண்டுகள். 1991-இல் நாற்பது வயதில் தன் கிணற்று நீர் கெட்டதைக் கண்ட உழவர், இன்று உயிரோடிருந்தால் எழுபதைக் கடந்திருப்பார். பலர் கப்ருக்கும் சுடுகாட்டுக்கும் போய்விட்டார்கள். அவர்களுக்கு இனி யார், எவ்வாறு பதில் சொல்வது?

தர்மம் கடனை அடைக்குமா?

அன்பர்களே! இங்கேதான் நம் மார்க்கம் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. இறைவனுக்கும் அடியானுக்கும் இடையேயுள்ள பிழைகளைத் தவ்பாவால் கழுவிக்கொள்ளலாம். அடியார்களுக்கு அடியார்கள் செய்த தீங்கு, அதாவது ஹக்குல் இபாத், உரியவர் மன்னித்தால் அல்லது உரிமை திருப்பித் தரப்பட்டால் அன்றி நீங்காது என்பது உலமாக்கள் ஒருமுகமாக எடுத்துரைக்கும் பாடம். தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் நிரம்பக் கொண்டுவந்தும், பிறர் உரிமையைப் பறித்ததனால் மறுமையில் அத்தனையையும் அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவனே உண்மையான ஓட்டாண்டி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்!

கல்லூரி கட்டியது ஸதகா. மதரஸா கட்டியது ஸதகா. பக்கத்து வயல்காரரின் கிணற்றுக்குத் தர வேண்டியதோ கடன். கடனாளி ஆயிரம் தர்மம் செய்தாலும், கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டியது சேர்ந்தால்தான் கடன் தீரும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒருவர் மவுத்தானால், அவருடைய சொத்திலிருந்து அடக்கச் செலவுக்குப் பின் முதலில் கடன் தீர்க்கப்படும், பிறகு வஸிய்யத், அதன் பிறகே வாரிசுகளின் பங்கு. பாட்டனார் காலத்துத் தொழிற்சாலையை மகனும் பேரனும் பாகம் பிரித்துக்கொண்டபோது, அந்தச் சொத்தின் மீது நின்ற கிணற்றுக் கடனைப் பாகப் பத்திரத்தில் எத்தனை குடும்பங்கள் எழுதின? "அது என் தந்தையார் காலத்தில் நடந்தது" என்பது நீதிமன்றத்தில் ஒருவேளை வாதமாகலாம். பராயிளு சட்டம் அறிந்தவர் நாவில் அது வரலாகாது.

நாம் மட்டும்தானா?

"ஆற்றில் மணலை அள்ளியவர்கள் யார்? மேலே தடுப்பணை கட்டியவர்கள் யார்? நகராட்சிச் சாக்கடைகள் பாலாற்றில் விழவில்லையா? நம்மை மட்டும் குறை சொல்வானேன்?" என்று சிலர் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. மணற்கொள்ளை ஆற்றின் நீர் சேமிக்கும் மடியையே அறுத்தது. இராணிப்பேட்டையில் குரோமேட் இரசாயனம் தயாரித்த ஓர் ஆலை 1990-களில் மூடப்பட்டபோது, ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் அதிகமான நச்சுக் கழிவை அப்படியே விட்டுச் சென்றது. அது தோல் பதனிடும் கூடமன்று. தோல் தொழிலிலும் எல்லாச் சமூகத்து முதலாளிகளும் உள்ளனர். ஆயினும் கியாமத்து நாளில் ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கப் போவதில்லை. மற்றவர் பங்கை மற்றவர் சொல்லட்டும். நம் பங்கை நாம் அளப்போம்.

"தொழிலை மூடிவிடலாமா?" என்ற கேள்வியும் எழும். வேண்டாம். ஆம்பூரில் விடியற்காலையில் பேருந்துகளில் ஏறிக் காலணிக் கூடங்களுக்குச் செல்லும் பெண்களின் வீட்டு அடுப்பை அணைப்பது தீர்வாகாது. இடம் மாற்றுவதும் தானாகத் தீர்வாகிவிடாது. வங்க தேசத்தின் தலைநகர் டாக்காவில் ஹஸாரிபாக் தொழிற்சாலைகள் 2017-இல் நகருக்கு வெளியே சாவாருக்கு மாற்றப்பட்டன. சுத்திகரிப்பு சரிவர அமையாததால் இப்போது அங்குள்ள தலேஷ்வரி ஆறு கெடுகிறது. வடக்கே கான்பூரில் கங்கைக் கரைத் தோல் ஆலைகள் குறித்து 1987-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும் பிரச்சினை முற்றாகத் தீரவில்லை. எனவே செய்ய வேண்டியது, கழிவைக் காசு செலவழித்துத் தூய்மைப்படுத்துவதை மீன்முள் தொண்டையில் சிக்கியதுபோல் சகித்துக்கொள்ளாமல், தொழிலின் ஓர் உறுப்பாகவே ஏற்றுக்கொள்வதுதான். பாலாற்றங்கரையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல அமைந்திருப்பதும், கழிவு நீரை வெளியே விடாமல் மீண்டும் பயன்படுத்தும் முறை வந்திருப்பதும் பாராட்டத்தக்கவை. ஆனால் மழை வெள்ள நாட்களில் ஆற்றில் வெண்ணுரை பொங்கும் காட்சி இன்னும் செய்தித்தாள்களில் வருகிறதே! இருட்டிலும் வெள்ளத்திலும் யார் திறந்துவிட்டார் என்பதை அதிகாரி அறியாமலிருக்கலாம். அறிபவன் அறிவான்.

அந்தச் சுத்திகரிப்புப் பணியிலும் மனித உயிரின் அருமையை மறந்துவிடலாகாது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, இரவில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

நம்மால் ஆவது

தோல் தொழில் நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இழப்பீட்டில் உங்கள் பங்கு நிலுவையில் இருப்பின், வசூல் அறிவிப்பு வரும்வரை காத்திராமல் செலுத்திவிடுங்கள். தோலை ஊறவைக்கும் முன் உதறி உப்பை நீக்கும் எளிய பழக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். அதற்கு ஆள் கூலி ஆகும். ஆனால் ஒரு முறை நீரில் கரைந்த உப்பைப் பிரிக்க அதைவிடப் பன்மடங்கு செலவாகும்.

மஹல்லா ஜமாஅத்துகள், தங்கள் எல்லைக்குள்ளும் அடுத்த கிராமத்திலும் உள்ள கிணறுகளின் நீரை ஆண்டுக்கொரு முறை சோதித்துப் பள்ளிவாசல் பலகையில் எழுதி வைக்கலாம். குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. உங்கள் ஊர் எண் என்ன என்பது உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து ஊர் உழவர் முஸ்லிமா இல்லையா என்று பார்த்து அண்டை வீட்டார் உரிமையை நம் மார்க்கம் வகுக்கவில்லை. ஆலிம் பெருமக்கள் ஜும்ஆப் பிரசங்கத்தில் வட்டியைப் பற்றிப் பேசும் அதே வன்மையோடு கிணற்றுக் கடனைப் பற்றியும் பேச வேண்டும்.

இல்லத்தரசிகளான சகோதரிகளே! குர்பானித் தோலை மாலைவரை மூலையில் போட்டுவைக்காமல் அறுத்தவுடனே மதரஸாவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தோல் எவ்வளவு விரைவில் தொழிற்கூடம் சேர்கிறதோ, அவ்வளவுக்கு உப்பு குறையும். ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து உளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். நீரைச் சிக்கனமாகச் செலவிடுவது வணக்கமென்றால், அந்த நீரைப் பிறர் பருகத் தகுந்ததாக விட்டுவைப்பது அதைவிடப் பெரிய வணக்கமல்லவா?

பூமியும் நீரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பெற்றபடியே திருப்பித் தர வேண்டும் என்பதை நம் வியாபாரப் பெருமக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்கில் ஒரு காசு பிசகினாலும் இரவு உறங்காத பரம்பரை அது. அதே கண்டிப்போடு பாலாற்றின் கணக்கையும் அவர்கள் எடுத்துப் பார்ப்பார்களாயின், வரும் தலைமுறை தோண்டும் ஊற்றில் இனிய நீர் சுரக்கும் நாள் தொலைவில் இல்லை. அந்தக் கடனைத் தீர்த்துவிட்டு அவன் முன் நிற்கும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.